பனிக்கண்டத்துக்குக் கேட்கும் வண்டி

கேளம்பாக்கம் ஸ்டாண்டில் ஷேர் ஆட்டோவை நிறுத்தி, "படூர், சிறுசேரி, நாவலூர்" என்று கூவத் தொடங்குமுன், ஜெயப்பிரியா முன்கண்ணாடியில் பிடி வைத்து மாட்டியிருக்கும் போனைப் பார்த்து, "ஆள் ஏத்தறேன், இரு" என்பாள். போனில் முகம் எதுவும் தெரியாது. பேச்சு ஓடிக்கொண்டிருக்கும் நேரம் மட்டும் நொடி நொடியாக ஏறிக்கொண்டிருக்கும். புதிதாக ஏறுகிறவர்கள், இந்த அம்மா வண்டியோடு பேசுகிறாள் என்று நினைத்து ஓரமாக நகர்ந்து உட்காருவார்கள். தினமும் வருகிறவர்களுக்கு விஷயம் தெரியும். ஏறும்போதே போனை விசாரித்துவிட்டுத்தான் உட்காருவார்கள்.

"இன்னா அண்ணாத்த, குளுரு எப்டி கீது?"

ஒரு மூச்சு விடும் நேரம் எதுவும் கேட்காது. பிறகு கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல ஓர் ஆண்குரல் வரும்.

"கீதுப்பா, அத்த இன்னா பண்றது. அங்க வெயிலு?"

"கொளுத்துது."

"குடுத்து வெச்சவங்க."

அந்தக் குரல் அண்டார்டிகாவிலிருந்து வருகிறது. குரலுக்குச் சொந்தக்காரன் ஆனந்தன், ஜெயப்பிரியாவின் புருஷன். பனிக்கண்டத்தில் இந்தியா வைத்திருக்கும் ஆராய்ச்சி நிலையம் ஒன்றில் டீசல் ஜெனரேட்டர்களைப் பார்த்துக்கொள்கிறான். அங்கே ஜெனரேட்டர் நின்றால் விளக்கு நிற்கும், தண்ணீர் உறையும், அடுப்பு அணையும். குளிர்காலம் முழுக்கத் தங்குகிறவர்கள் இருபத்துச் சொச்சம் பேர். செயற்கைக்கோள் வழியாக வரும் இணைப்பில் முறை வைத்துப் பேசுவார்கள். முகம் பார்த்துப் பேசலாம் என்றால் படம் பாதியில் கல்லாகிவிடும். குரல் மட்டும் ஒழுங்காக வரும், அதுவும் ஒரு மூச்சு தாமதமாக.

அந்த ஒரு மூச்சு இப்போது ஜெயப்பிரியாவின் பழக்கமாகவே ஆகிவிட்டது. யாரிடம் எது கேட்டாலும், கேட்டுவிட்டுச் சற்றுக் காத்திருப்பாள். "எங்கம்மா எறங்கணும்?" என்று கேட்பாள். பதில் உடனே வந்தாலும் அது இன்னும் வந்து சேரவில்லை என்பதுபோல முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பக்கத்து வண்டி ஓட்டும் சீனு அதை வைத்து அவளைக் கிண்டல் செய்வான். "ஜெயாக்காகிட்ட சில்லறை கேட்டா, சிக்னல் போய்ட்டு வந்துதான் குடுக்கும்."

நாற்பதை நெருங்கும் வயது. புடவைக்கு மேல் ஆனந்தனின் பழைய முழுக்கைச் சட்டை, அதன் பையில் எப்போதும் கொஞ்சம் சோம்பு. ஹாரன் அடிக்கப் பிடிக்காது. குறுக்கே வருகிறவன் யாராக இருந்தாலும் தலையை வெளியே நீட்டி, "ஓரம் போ கண்ணு" என்பாள். தண்ணீர் லாரியிடம்கூட அப்படித்தான். காதில் ஒயரை மாட்டிக்கொண்டு ஏறுகிறவர்களைக் கண்டால்தான் அவளுக்கு ஆகாது. "எறங்கற எடம் வந்தா நானா போய் ஒயர இழுக்கணும்" என்பாள். சில சமயம் இழுத்தும் இருக்கிறாள்.

ஷேர் ஆட்டோவை முதலில் வாங்கியது ஆனந்தன்தான். படாளத்தில் நிலபுலம் உள்ள குடும்பத்தில் பிறந்தவன். ஆனால் சின்ன வயதிலேயே நெல்லைவிடப் பம்புசெட்டுதான் அவனைப் பிடித்துக்கொண்டது. படூரில் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் ஜெனரேட்டர் மெக்கானிக்காக இருந்தான். எங்கேயோ கிடந்த ஒரு டீசல் வண்டியைப் பிரித்து மாட்டி உயிர் கொடுத்து, வாடகைக்கு விட்டான். எடுத்தவன் ஒழுங்காக ஓட்டவில்லை. ஜெயப்பிரியா லைசென்ஸ் எடுத்து, தானே உட்கார்ந்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் வண்டிக்கடியில் படுத்திருப்பான், இவள் காபி கொண்டுபோய் சக்கரத்தின் பக்கத்தில் வைப்பாள். ஸ்பேனரைத் தொட்டது கிடையாது. "ஓட்டறது என் வேல, பாக்கறது அவரு வேல" என்று எல்லோரிடமும் சொல்லுவாள்.

வீட்டில் அவர்கள் அதிகம் பேசிக்கொண்டவர்களும் அல்ல. அவன் இயந்திரத்தைக் கேட்டுக்கொண்டிருப்பான். அவள் ஊரைப் பேசிக்கொண்டிருப்பாள். இரண்டும் ஒரே அறையில் நடக்கும்.

பனிக்கண்டத்துக்கு மெக்கானிக் எடுக்கிறார்கள் என்ற விளம்பரத்தை அவன் பார்த்தது தற்செயல். விண்ணப்பித்தான். நேர்முகம், உடல் பரிசோதனை, வடக்கே பனிமலையில் பயிற்சி என்று எல்லாம் தேறிவிட்டது. வீட்டில் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் ஒரு வாரம் சும்மா இருந்தான். அவள்தான் கண்டுபிடித்துக் கேட்டாள். சொன்னதும், "போய்ட்டு வா மாமா. இந்த ஊரு ஜெனரேட்டருங்கள பாத்துப் பாத்து உனக்கும் அலுத்துடுச்சு, அதுங்களுக்கும் அலுத்துடுச்சு" என்றாள். வேலூரில் நர்சிங் படிக்கும் மகள் பிரதீபாதான் அழுதாள்.

முதல் மாதங்களில் குறையே இல்லை. அங்கே கோடை. எந்நேரமும் வெளிச்சம். பென்குயின் வரிசையாக நடக்கும் படம், பனியில் கால் புதைய அவன் நிற்கும் படம் என்று ஒவ்வொன்றாக வந்து சேரும். ஜெயப்பிரியா அவற்றைப் பயணிகளுக்குக் காட்டுவாள். பிறகு, ஆட்களையும் சாமான்களையும் கொண்டுவந்த கப்பல் கிளம்பிப் போயிற்று. இனி அடுத்த கோடை வரை யாரும் வரவும் முடியாது, போகவும் முடியாது. சூரியன் நாளுக்கு நாள் தாழ்ந்துகொண்டே போய், மே கடைசியில் ஒரு நாள் எட்டிப் பார்த்துவிட்டு அப்படியே போய்விட்டது. இனி ஜூலையில்தான் வரும் என்று ஆனந்தன் சொன்னான். அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

ஜூனில் அவன் குரல் சுருங்கத் தொடங்கியது. கேட்டதற்கு மட்டும் பதில். பிறகு அதுவும் போய், "ஹூம்" மட்டும். அவள் பிரதீபாவின் பரீட்சை பற்றிச் சொன்னாலும் "ஹூம்". படாளத்தில் அப்பா மாடு வாங்கியிருக்கிறார் என்றாலும் "ஹூம்". தன்னுடைய முறை வரும்போது சில நாள் அவன் பேசவே வரவில்லை.

அப்போதுதான் ராமதாஸ் கூப்பிட்டான். ராமதாஸ் அந்த நிலையத்தின் சமையல்காரன். திண்டுக்கல் பக்கம்.

"அக்கா, பயப்படாதீங்க. அண்ணன் வேலைக்குக் கரெக்டா போறாரு. முடிச்சதும் வந்து போர்வைய இழுத்து மூடிக்கிறாரு. சாப்பிட உட்கார மாட்டேங்கறாரு. இங்க இருட்டுல சில பேருக்கு இப்படி ஆகுமாம். டாக்டர் மருந்து கொடுத்துட்டு இருக்காரு. வீட்டுல இருந்து பேசிட்டே இருந்தா நல்லதுன்னு சொன்னாரு. அதான்."

"நான் பேசாமயா கீறேன்?" என்றாள் ஜெயப்பிரியா. ஒரு மூச்சு காத்திருந்தாள். "பேசறேன் தம்பி. அவரு வரணுமே."

பேசிப் பார்த்தாள். கோபித்துக்கொண்டாள், கெஞ்சினாள். ஒரு நாள் போனை வைத்துக்கொண்டு அழுதாள். அந்தப் பக்கம் அவன் இருக்கிறான் என்பதற்கு அடையாளமாக ஜெனரேட்டரின் மெல்லிய உறுமல் மட்டும் கேட்டது. படூரில் வீடுகளில் வேலை செய்யப் போகும் பார்வதம் தினமும் இவளுடைய வண்டியில்தான் வருவாள். "மந்திரிச்சுப் பாக்கலாமா" என்று கேட்டாள். "அவ்ளோ தூரத்துக்கு எந்த மந்திரம்க்கா போவும்?" என்று கேட்டுவிட்டு ஜெயப்பிரியா கண்ணைத் துடைத்துக்கொண்டு கியரைப் போட்டாள்.

ஒரு காலை, பேசி அலுத்துப்போய் அவள் இணைப்பைத் துண்டிக்க மறந்துவிட்டாள். போன் அதன் பிடியில் அப்படியே இருந்தது. ஸ்டாண்டில் ஆட்களை ஏற்றிக்கொண்டு கிளம்பினாள். படூர் தாண்டி, பள்ளம் பறித்து மூடிய இடத்தில் வண்டி தூக்கிப் போட்டது. அதற்குப் பிறகு பின்னால் எங்கேயோ கடகடவென்று ஒரு சத்தம். அவள் கவனிக்கவில்லை. சிறுசேரி வரும்போது போனிலிருந்து குரல் வந்தது.

"பின்னாடி மட்கார்டு ஆடுது பாரு. எடது பக்கம்."

அவள் வண்டியை ஓரங்கட்டினாள். இறங்கிப் போய்ப் பார்த்தாள். இடது பக்க மட்கார்டு ஒரு போல்ட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. திரும்பி வந்து, "ஆமா மாமா, ஆடுது" என்றாள். ஒரு மூச்சு. இன்னொரு மூச்சு. "பன்னெண்டாம் நம்பர் ஸ்பேனர். சீட்டுக்கடியில கீது" என்றான் அவன். அத்தனை நாளில் அவன் வாயிலிருந்து வந்த முதல் முழுப் பேச்சு அதுதான்.

சாயங்காலம் போல்ட்டை முறுக்கினாள். வாழ்க்கையில் முதல் முறையாக ஸ்பேனர் பிடித்தாள். மறுநாள் காலை, கிளம்புமுன், சற்று நேரம் வண்டியின் பின்னால் நின்று யோசித்தாள். பிறகு அதே ஸ்பேனரால், முறுக்கிய போல்ட்டைத் தானே கழற்றினாள்.

அன்று அவன், "நேத்துதான சொன்னேன்?" என்றான். குரலில் லேசான எரிச்சல் இருந்தது. அந்த எரிச்சல் அவளுக்குச் சர்க்கரைப் பொங்கல் மாதிரி இருந்தது. ஆனால் ஒரே கோளாறை வைத்து எத்தனை நாள் ஓட்டுவது? மறுநாள் சைலன்சர் போல்ட் லூசானது. அதற்கடுத்த நாள் பின் மூடியின் கொக்கி. பிறகு அவளுக்குத் தெரிந்த வித்தை தீர்ந்துபோய், ஒரு பிஸ்கட் டின்னில் நட்டுகளைப் போட்டு சீட்டுக்கடியில் வைத்தாள். அவன் நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தான். "இது இன்னா சத்தம்னு தெரியல. கியர நியூட்ரல்ல போட்டு ஆக்சிலேட்டர ஏத்து. ம். இப்ப ஒண்ணும் இல்லியே. மறுபடி ஓட்டு." நாவலூர் வரை விசாரணை நடந்தது.

பயணிகளுக்குச் சந்தேகம் வந்து, உண்மை தெரிந்து, அவர்களும் சேர்ந்துகொண்டார்கள். பார்வதம் தன் எவர்சில்வர் டிபன் கேரியரை மடியில் வைத்து, மேட்டில் ஏறும்போதெல்லாம் குலுக்கினாள். சிறுசேரியில் ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கும் ஸ்வாதி, எங்கேயோ தேடி, இன்ஜின் அடித்துக்கொள்ளும் சத்தத்தைத் தன் போனில் எடுத்து வந்து மெதுவாக ஓடவிட்டாள். ஆனந்தன் இரண்டு நொடிகூடக் கேட்கவில்லை. "அது நம்ம வண்டி இல்ல. பக்கத்துல ஏதோ பெரிய வண்டி வருது, அவன ஓரம் கட்டச் சொல்லு, ரொம்ப மோசமா கீது" என்றான். ஸ்வாதி துப்பட்டாவை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ஜெயப்பிரியா அளவு தெரியாமல் ஃபேன் பெல்ட்டில் கை வைத்தாள். கீச்சென்று ஒரு சத்தம் வந்தால் போதும் என்றுதான் பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் டைனமோவின் போல்ட்டைக் கொஞ்சம் தளர்த்தினாள். மாலை நேரம். மழை பிடித்துக்கொண்டது. கேளம்பாக்கம் சந்திப்பின் நட்டநடுவில் வண்டி புகைந்து நின்றுவிட்டது. பின்னால் பஸ், அதற்குப் பின்னால் இன்னொரு பஸ். எல்லாரும் ஹாரனை அழுத்திப் பிடித்தார்கள்.

"இன்னா ஆச்சு?" என்றது போன்.

"சூடாயிடுச்சு மாமா. பொகையா வருது." இந்த முறை நடிப்பு இல்லை.

"ஆளுங்கள எறக்கு. ஓரமா தள்ளு. தள்ளிட்டு, பின் மூடியத் தொற. கைய வெச்சுடாத, ஆறட்டும்."

எல்லோரும் சேர்ந்து தள்ளினார்கள். சீனு தன் வண்டியை விட்டுவிட்டு ஓடி வந்து தோள் கொடுத்தான். ஜெயப்பிரியா போனைக் கழற்றிக்கொண்டு பின்னால் போனாள். பார்வதம் குடையைப் பிடித்தாள். இன்ஜினுக்கும் போனுக்கும் மட்டும்தான் குடை போதுமாக இருந்தது. பெண்கள் இருவரும் நனைந்தார்கள்.

"பெல்ட்டு கீதா?"

"கழண்டு தொங்குது."

"அறுந்துடுச்சா?"

"இல்ல. முழுசாத்தான் கீது."

"அப்ப ஒண்ணும் ஆவல. பயப்படாத. சீட்டுக்கடியில ஜாக்கி ராடு கீது, எடுத்துக்க. பெல்ட்ட மேல மாட்டு. டைனமோவ ராடால நெம்பிப் புடி. சீனு அங்க கீறானா? அவன நெம்பச் சொல்லு. நீ போல்ட்ட முறுக்கு. நீதான் முறுக்கணும், அவன் கை கனம், மரைய தேச்சிடுவான்."

அவள் முறுக்கினாள். ஸ்பேனர் வழுக்கி விரல்மூட்டில் தோல் போயிற்று. அவன் நிறுத்தாமல் பேசிக்கொண்டே இருந்தான். ஒவ்வொரு மூச்சு இடைவெளிக்குப் பிறகும் அவன் குரல் வந்தது. எவ்வளவு முறுக்க வேண்டும், எதைத் தொடக் கூடாது, பெல்ட்டைக் கட்டை விரலால் அமுக்கினால் எவ்வளவு உள்ளே போக வேண்டும் எல்லாம் சொன்னான். "இப்ப ஸ்டார்ட் பண்ணு" என்று அவன் சொல்லி, இவள் முன்னால் போய்ச் சாவியைத் திருகி, வண்டி உயிர் பிடித்தபோது, மழையில் நின்ற அத்தனை பேரும் போனைப் பார்த்தார்கள். சத்தம் அங்கே போய்ச் சேர வேண்டுமே.

"சரியா கீது" என்றான்.

எல்லோரும் ஏறி உட்கார்ந்தார்கள். ஜெயப்பிரியா புடவைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஜெயா."

"சொல்லு."

"பெல்ட்டு தானா லூஸ் ஆவாது."

பார்வதம் வெளியே மழையைப் பார்த்தாள். ஸ்வாதி தன் செருப்பைப் பார்த்தாள்.

"ஆவாது" என்றாள் ஜெயப்பிரியா.

அந்தப் பக்கத்திலிருந்து கரகரவென்று ஒன்று வந்தது. இணைப்புதான் கெட்டுப்போகிறது என்று நினைத்தாள். பிறகுதான் அது சிரிப்பு என்று புரிந்தது. எத்தனையோ நாளாகக் கேட்காததால் அவளுக்கு அடையாளம் தெரியவில்லை.

"நாளைக்கு இன்னாத்த கழட்டப் போற?"

"நீயே சொல்லு மாமா. எனக்குத் தெரிஞ்சதெல்லாம் முடிஞ்சிடுச்சு."

மறுநாள் ராமதாஸிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. "அக்கா, நேத்து அண்ணன் கிச்சனுக்கு வந்து தோசை இருக்கான்னு கேட்டாரு. தோசைக்கு எங்க போறது. சப்பாத்தியே நாலு சாப்பிட்டாரு. அந்த மட்கார்டு கதையெல்லாம் சொன்னாரு. டாக்டரும் உக்காந்து கேட்டாரு." ஜெயப்பிரியா அந்தச் செய்தியை வண்டியில் எல்லோருக்கும் போட்டுக் காட்டினாள். நாவலூர் வருவதற்குள் மூன்று முறை.

ஒரே நாளில் எல்லாம் தெளிந்துவிடவில்லை. மருந்து தொடர்ந்தது. நடுவில் சில நாள் "ஹூம்" திரும்பி வந்தது. ஆனால் தன் முறை வரும்போது அவன் பேச வராமல் இருந்ததில்லை. அப்படி வந்தும் பேசத் தோன்றாத நாளில், "நீ பேசாத ஜெயா, சும்மா ஓட்டு. நான் கேட்டுகினு கீறேன்" என்பான். அவள் ஓட்டுவாள். கல்லூரி நிறுத்தத்தில் பிள்ளைகள் இறங்கும் கூச்சல், பழ வண்டிக்காரனின் ஒலிபெருக்கி, அவள் யாரையோ "ஓரம் போ கண்ணு" என்பது எல்லாம் அவனுக்குப் போகும். அவனுடைய பக்கத்திலிருந்து ஜெனரேட்டர் உறுமும். இரண்டு இயந்திரங்களும் பேசிக்கொள்வதைப் போல இருக்கும்.

ஸ்டாண்டில் விஷயம் பரவிவிட்டது. இப்போது மற்ற வண்டிக்காரர்களும் வந்து நிற்கிறார்கள். "ஜெயாக்கா, அண்ணாத்த லைன்ல கீறாரா? இத்த ஒருவாட்டி கேக்கச் சொல்லு" என்று சீனு முதலில் ஆரம்பித்து வைத்தான். அவள் போனை அவர்களுடைய இன்ஜின் பக்கத்தில் நீட்டுவாள். "இன்னொருவாட்டி முறுக்கு" என்பான் ஆனந்தன். பிறகு தீர்ப்பு வரும். "டீசல்ல ஏர் புடிச்சிருக்கு." "ஒண்ணும் இல்ல, ஓட்டறவன் கால்தான் கோளாறு." அவன் சொல்வதைக் கேட்டு ஸ்பேனர் பிடிப்பது ஜெயப்பிரியா. அவளுடைய நகக்கண்களில் கிரீஸ் ஏறிவிட்டது, சோப்புக்குப் போவதில்லை. சட்டைப் பையில் சோம்போடு இப்போது ஒரு டெஸ்டரும் இருக்கிறது. "ஓட்டறதும் பாக்கறதும் ரெண்டுமே என் வேலதான், அவரு சும்மா சூப்பர்வைசர்" என்று போனுக்குக் கேட்கும்படி சொல்லுவாள். ஒரு மூச்சு கழித்து அங்கிருந்து மறுப்பு வரும்.

சூரியன் திரும்பியது ஜூலை நடுவில். அன்று நிலையத்தில் எல்லோரும் வெளியே வந்து நின்றார்களாம். ராமதாஸ் பாயசம் வைத்தானாம். ஆனந்தன் அனுப்பிய படம் பாதி மட்டும்தான் இறங்கியது. நீலப் பனிக்கு மேல் சாந்துக்கோடு மாதிரி ஒரு சிவப்பு, அவ்வளவுதான். ஜெயப்பிரியா அந்தப் பாதியை அப்படியே பிரதீபாவுக்கு அனுப்பினாள். மகள், "மீதி எங்கம்மா?" என்று கேட்டாள். "வரும்டி" என்றாள்.

அவன் கிளம்பி வர இன்னும் மாதங்கள் இருக்கின்றன. கப்பல் வர வேண்டும், பனி வழிவிட வேண்டும். நேற்று மத்தியானம் கேளம்பாக்கம் ஸ்டாண்டில் மற்ற வண்டிகள் எல்லாம் கட்டட நிழலுக்கு ஒதுங்கியிருந்தன. ஜெயப்பிரியா மட்டும் வெயிலில் நின்றாள். உள்ளே பார்வதம் முந்தானையால் விசிறிக்கொண்டு, ஆள் சேரக் காத்திருந்தாள். போனில் ஆனந்தன் பேசிக்கொண்டிருந்தான்.

"இப்பல்லாம் தெனம் வருது ஜெயா. நேரா மூஞ்சி மேல அடிக்குது. ஆனா சூடுன்னு ஒண்ணு சுத்தமா இல்ல. பாக்கறதுக்கு மட்டும்தான் வெயிலு."

அவள் போனைப் பிடியிலிருந்து கழற்றி, வெயில் தகதகவென்று விழுந்துகொண்டிருந்த முன்தகட்டின் மேல் மல்லாக்க வைத்தாள்.

"ஏய், போனு சூடாயிடும்" என்றாள் பார்வதம்.

"ஆவட்டும்க்கா" என்றாள் ஜெயப்பிரியா. ஆனந்தன் படாளத்து மாட்டைப் பற்றி ஏதோ கேட்டுக்கொண்டிருந்தான். அவனுக்குப் பதில் சொல்லிக்கொண்டே, சற்று நேரம் கழித்து, மறுபக்கமும் படட்டும் என்று, தோசையைத் திருப்புவதுபோல அதை மெல்லத் திருப்பி வைத்தாள்.